நாற்பத்தேழாவது கேள்வி

தோல் வாசரைக் கையில் எடுத்ததும் வன்னியபெருமாள் கண்ணை மூடிக்கொள்வார். கிண்ணம் போலக் குழிந்த அந்தத் தோல்வில்லையின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். சைக்கிள் பம்புக்குள் இருக்குமே, அதே சாதித் தோல்தான். இது கொஞ்சம் பெரிசு. ஒரு பொழுது விளக்கெண்ணெயில் ஊறியிருக்கும். விளிம்பில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் உதடு சொல்லிவிடும். இருபது வருஷம் அரமும் ஸ்பானரும் பிடித்த விரலுக்கு அந்த நுணுக்கம் செத்துப்போயிருந்தது. “கை காய்ச்சுப்போச்சுய்யா. உதட்டுல இன்னும் காய்ப்பு விழல” என்பார். கீறல் தட்டினால் கண்ணைத் திறக்காமலே இடதுபக்கத் தகர டப்பாவில் போடுவார். சுற்று முழுக்க வழுக்கிக்கொண்டு வந்தால், உதட்டில் ஒட்டிய எண்ணெயைத் தோளில் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். வெற்றிலை போடாத அந்த வாயில் எந்நேரமும் ஒரு எண்ணெய் மினுமினுப்பு இருக்கும்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டை ஒட்டி இருந்தது பூவனநாதனின் பட்டறை. பருத்திக்கு மருந்தடிக்கிற மிஷின் செய்தார்கள். முதுகில் தொங்கும் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய், குழாய்க்குள் ஏறி இறங்கும் பிஸ்டன். பிஸ்டன் நுனியில் அந்தத் தோல். தொட்டி தகரக் கொட்டகையில் தயாராகி வரும். மற்றதெல்லாம், சின்னதும் பெரிசுமாகப் பதினோரு சாமான், வன்னியபெருமாளின் மேஜையில்தான் மிஷினாகும்.

அதில் ஒரே ஒரு இடம்தான் சிக்கல். குழாயின் மேல்வாயில் மூடி முடுக்குவதற்காக உள்பக்கம் திருகு மரை வெட்டியிருக்கும். அடிவாய் வழுவழுப்பு. வன்னியபெருமாள் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிவாய் வழியாகப் பிஸ்டனை விடுவார். தோல் சொகுசாக உள்ளே போய் உட்காரும். அப்புறம் அடி வால்வு. பிறகு குழாயை நிமிர்த்தி மேல்மூடி. ஏன் இப்படி என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. மேல்வாய் வழியாக விட்டால் மரை தோலைக் கடித்துவிடும் என்று அவரும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிற விஷயமாக அது அவருக்குப் படவில்லை.

அவருக்கு ஒரே மகள். வெயிலுகந்தம்மாள். வீட்டில் வெயிலு. பத்து வயசில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். சட்டத்தில் குச்சி அடுக்குவதில் அவள் கைவேகத்துக்கு அந்தத் தெருவில் ஆள் கிடையாது. எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில், மருந்து முக்கிக் காயப்போட்டிருந்த சட்டங்கள் வெயிலில் தானாகப் பற்றிக்கொண்டன. இடதுகை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. ஆறினபோது கசக்கிப் பிரித்த காகிதம் போல இருந்தது தோல். முப்பத்தைந்தாம் நாள் மறுபடியும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அதே ஆபீசுக்குக் கிளம்பினாள். அன்றைக்கு வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்தவர்தான் வன்னியபெருமாள். அதிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. இந்தப் பிள்ளையை அங்கேயிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்துத் தன் பட்டறையில், தன் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு உட்கார வைக்க வேண்டும்.

மூன்று தடவை கேட்டுவிட்டார். மூன்றாவது தடவை பூவனநாதன் கொஞ்சம் பொறுமையாகவே சொன்னார்:

“வன்னியபெருமாளு, நான் வேண்டாங்கல. வேலை உம்ம கையிலல்லா இருக்கு? காயிதத்துல இருந்தா யார வேணும்னாலும் உக்கார வச்சு வாங்கிக்கிடலாம். உம்ம கைய நான் யாருக்குய்யா ஒட்டவைக்க முடியும்?”

அந்தக் காயிதம் எண்பத்தாறு ஆடியில் ஆள் ரூபத்தில் வந்தது. பெயர் ஆறுமுகசாமி. கழுகுமலைப் பிள்ளை, மெட்ராசில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஆராய்ச்சிப் படிப்பு. அவன் அப்பாவும் பூவனநாதனும் பழக்கம். ஒரு மிஷினில் எந்தெந்தச் சாமான் எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, எதற்கப்புறம் எது கூடும், கூடாது என்று சொல்லிவிட்டால் போதுமாம். எந்த வரிசையில் பூட்டினால் லேசு என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுமாம். வெளிநாட்டில் மிஷினே மிஷினைப் பூட்டப் போகிறது, அதற்கு வரிசை வேண்டும், அதுதான் படிப்பு என்றான்.

“நமக்கு மிஷினெல்லாம் வேண்டாம். ஆளுகளே போதும்” என்று சிரித்தார் பூவனநாதன். பிறகு வன்னியபெருமாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “தம்பி கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லும். இது நல்லபடியா வந்துட்டா ஆறு பொம்பளப் பிள்ளைகள எடுக்கலாம்னு இருக்கேன். மொத ஆளு உம்ம மக.”

வன்னியபெருமாள் அன்றைக்கு வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனைவி பாலம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். “என்ன, இன்னைக்குச் சோறு ரெண்டாந்தரம் கேக்குதீக?” என்றாள்.

மறுநாள் காலையில் ஆறுமுகசாமி ஒரு பெரிய காகிதத்தை விரித்தான். பதினோரு வட்டம், வட்டத்துக்கு வட்டம் கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு சேர்ப்பு. நூற்றுப் பன்னிரண்டு கேள்வி. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கேள்வி: இந்தச் சேர்ப்பு முடிந்த பிறகு அந்தச் சேர்ப்பைச் செய்ய முடியுமா, முடியாதா?

“மேல்மூடிய முடுக்குன பிறகு பிஸ்டன உள்ள விட முடியுமாண்ணாச்சி?”

“அதெப்படித் தம்பி? வீட்டப் பூட்டிட்டுச் சுவரு வழியா உள்ள போறதா?”

“முடியாதுன்னு போட்டுக்கிடுதேன்.”

பக்கத்து மேஜையில் நாசில் முடுக்கிக்கொண்டிருந்த செல்லத்துரைக்கு வாய் சும்மா இருக்காது. “என்ன அண்ணாச்சி, போலீஸ் ஸ்டேஷன்ல கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டானே! தம்பி, அந்தக் கம்ப்யூட்டரு எங்கன இருக்கு?”

“காலேஜ்ல. ஏசி ரூம்ல.”

“பாத்தீரா! அதுக்கு ஏசி. அதுக்குச் சொல்லிக்குடுக்குற நம்ம அண்ணாச்சிக்குக் கையில விசிறி மட்டை.”

சாயங்காலம் பூவனநாதன் எட்டிப் பார்த்தார். “எத்தனை முடியாது வந்திருக்கு தம்பி?”

“இதுவரைக்கும் நாப்பத்தாறு கேள்வி. இருபத்தெட்டு முடியாது.”

“கூடுதலா இருக்கும் போலயே?”

“ஒரு முடியாதுக்கே ஏகப்பட்ட வழி அடைபட்டுப்போகும் சார். ‘முடியும்’ கூடக்கூடத்தான் லேசான வழி ஏதாச்சும் சிக்கும்.”

“அப்ப யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க” என்றுவிட்டுப் போய்விட்டார். வன்னியபெருமாள் காதில் அது விழுந்தது. தான் சொன்ன ஒவ்வொரு முடியாதும் வெயிலுவுக்குப் போட வேண்டிய மேஜையின் ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது அவருக்கு.

மறுநாள் நாற்பத்தேழாவது கேள்வி.

“அடி வால்வ முடுக்குன பிறகு, மேல்வாய் வழியா பிஸ்டன உள்ள விட முடியுமா, முடியாதா?”

செல்லத்துரை ஸ்பானரைக் கீழே வைத்தான்.

“அண்ணாச்சியப் பாத்து முடியுமான்னு கேக்கலாமா தம்பி? குளத்தூர்ப் பக்கம் ஒரு பருத்திக் காட்டுக்குள்ள, வரப்புல குத்தவச்சு இதத்தான் செஞ்சாரு. அடி வால்வு துரு ஏறிக் கழலவே இல்ல. மேல்வழியாத்தான் புதுத் தோல இறக்குனாரு. சம்சாரி வாயப் பொளந்துட்டான். என்ன அண்ணாச்சி, இல்லியா?”

நிஜம்தான். வன்னியபெருமாள் ஒரு குழாயை எடுத்தார். அடி வால்வை முடுக்கினார். தோலை உதட்டில் சுற்றிப் பார்த்தார். பிறகு அதை வெற்றிலை மடிக்கிற மாதிரி ஒரு ஓரம் மடித்து, பெருவிரலால் அணைத்து, மரையின் போக்குக்கு எதிர்ப்போக்கில் ஒரு திருகு திருகி, மரை தாண்டினதும் சுண்டுவிரலால் மடிப்பை எடுத்துவிட்டார். பீடி ஒரு இழுப்பு இழுக்கிற நேரம்கூட ஆகவில்லை. தண்ணீரை ஊற்றி அடித்துக் காட்டினார். ஒரு சொட்டு மேலே வரவில்லை.

“அடேயப்பா!” என்றான் ஆறுமுகசாமி. பேனா கட்டத்துக்கு மேல் வந்து நின்றது.

“ஆனா தம்பி, இது பழகணும்.”

“பழக்கத்துக்கு இதுல கட்டம் கிடையாதுண்ணாச்சி. முடியும், முடியாது. ரெண்டே ரெண்டுதான்.”

வன்னியபெருமாள் செல்லத்துரையைப் பார்த்தார். அவன் கண்ணில் ஒரு சிரிப்பு தயாராக நின்றது. இப்போதுதான் செய்து காட்டியிருக்கிறார். செய்து காட்டிவிட்டு முடியாது என்று சொல்வதற்கு அவருக்கு நாக்கு எழவில்லை. அதோடு மேஜையின் அந்தக் கால்.

“முடியும்னே போட்டுக்கிடுங்க” என்றார்.

மூன்றாம் நாள் எல்லாக் கேள்வியும் முடிந்ததும், தகவல் தந்தவர் என்ற இடத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான் ஆறுமுகசாமி. தன் பெயர் மெட்ராசுக்குப் போவதை நினைத்து வன்னியபெருமாள் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிதானமாகப் போட்டார்.

தை பிறந்ததும் காயிதம் வந்தது. இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, மடிப்பு மடிப்பாக நீண்ட காயிதம். நூற்றுச் சொச்சம் வழி கிடைத்ததாம். அதில் குழாயைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டிய வேலையே இல்லாத ஒரு வழியை ஆறுமுகசாமி சிவப்பு மையில் சுழித்திருந்தான். கவிழ்த்து நிமிர்த்துகிற நேரம் மிச்சம். பூவனநாதன் அந்த ஒரு வழியை மட்டும் தமிழில் பெரிதாக எழுதிச் சுவரில் அடித்தார். வன்னியபெருமாள் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். நாலு: அடி வால்வை முடுக்கு. ஐந்து: மேல்வாய் வழியாகப் பிஸ்டனை விடு. அங்கே கண் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பொம்பளப் பிள்ளைகள் விரல் மெலிசு, குச்சி அடுக்கிப் பழகின விரல், சட்டென்று பிடிபட்டுவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கண்ணை ஆறாவது வரிக்கு நகர்த்தினார்.

பங்குனியில் ஆறு மேஜை. ஆறு பெண்கள். முதல் ஆள் வெயிலு. பக்கத்து மேஜையில் அவளோடு தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த பெருமாயி. மேற்பார்வைக்குச் செல்லத்துரை, கையில் ஒரு கடிகாரமும் கொடுத்தார்கள். வன்னியபெருமாளுக்கு அங்கே இனி வேலை இல்லை. பின்பக்கக் கொட்டகையில் தொட்டிக்கு ஈயம் பற்றவைக்கப் போட்டார்கள். திராவகப் புகை. மகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற ஆசையில் ஒரு பாதி அத்தோடு போயிற்று. பரவாயில்லை என்றுதான் நினைத்தார். காலையில் இரண்டு பேரும் இரண்டு தூக்குச்சட்டியோடு ஒன்றாக நடந்து போனார்கள். பேச்சு அதிகமில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தால் நிற்பார்கள், திறந்தால் நடப்பார்கள். பாலம்மாள் ஒரு நாள் மகளுக்குத் தலை பின்னும்போது முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏட்டி, கந்தக வாடை போயிட்டுட்டி” என்றாள். அந்த ஒன்பது மாசத்தில் வன்னியபெருமாளுக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அந்தச் சொல்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை தப்பாமல் பெய்தது. கரிசல் முழுக்கப் பருத்தி. மார்கழியில் வானம் மூடாக்குப் போட்டதும் புழு விழுந்தது. மருந்தடிக்கத் தொடங்கின ஒரு வாரத்தில் மிஷின்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் வந்தவர் குளத்தூர்ப் பக்கத்துச் சம்சாரி, பருத்தி போட்டிருந்த சங்கரபாண்டி. பஸ்ஸில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பட்டறை நடுவில் நின்று சட்டையைக் கழற்றித் திரும்பினார். இடுப்புக்கு மேல் ஒரு கை அகலத்துக்குக் கொப்புளம்.

“பூச்சிக்கு மிஷின் வாங்கச் சொன்னீக. பூச்சி நல்லாத்தான் இருக்கு. மருந்து பூராவும் எனக்குல்லா அடிச்சிருக்கு” என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட அவரிடம் தெம்பு இல்லை. மூணு நாளாக வாந்தி என்றார்.

வன்னியபெருமாளைக் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் குழாயைக் கழற்றித் தோலை வெளியே எடுத்தார். உதட்டில் வைத்துப் பார்க்க அவசியமில்லை. மருந்துபட்ட தோலை வைக்கவும் முடியாது. கண்ணுக்கே தெரிந்தது. விளிம்பில் ஆறு கீறல், சரிவாக, பல் பதிந்த மாதிரி. மரை கடித்த கீறல். அழுத்தும்போது மருந்து கீறல் வழியாக மேலேறி, மூடியில் கசிந்து, ஆளின் இடுப்பில் இறங்கியிருக்கிறது.

மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு மிஷின் வந்தது. அத்தனைக்கும் அதே கீறல்.

“அப்பவே சொன்னேன் மொதலாளி” என்று செல்லத்துரை சொல்லிக்கொண்டிருப்பது கொட்டகைக்குக் கேட்டது. “பொம்பள கை. பேச்சுல இருக்கும் கவனம், வேலையில இருக்காது. காயிதம் கம்ப்யூட்டரு போட்டது. அதுல தப்பு வருமா?”

அப்படி அவன் எப்போதும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் வன்னியபெருமாளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்பது உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். ஒரு கட்டத்தில் இருக்கிறது. அதைப் போய்ச் சொல்லிவிட்டால் வெயிலு மேஜை நிற்கும். சொன்னால் அந்தக் கையெழுத்து? கண்டமேனிக்குப் பதில் சொன்னவன் என்று ஆகும். ஆனால் ஆகட்டும். இரண்டு நாள் இதையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

பூவனநாதன் மேஜையில் வியாபாரிகளின் கடுதாசிகள். நிமிர்ந்து பார்க்காமலே, “என்ன?” என்றார்.

“மொதலாளி, அந்த நாப்பத்தேழாவது கேள்வி...”

“எந்த நாப்பத்தேழு?”

“மேல்வழியா பிஸ்டன விட முடியுமான்னு தம்பி கேட்டது. நான் முடியும்னு சொல்லிட்டேன்.”

“ஏன், முடியாதா?”

“என்னால முடியும் மொதலாளி. ஆனா அவளுகளால...”

அதற்கு மேல் அவருக்கு வாக்கியம் தேவைப்பட்டது. அது யாராலும் முடியாத வேலை, இருபது வருஷக் கைக்குத்தான் முடியும், கேள்வியே தப்பு, என் பதில் தப்பு, பிள்ளைகள் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. மனசுக்குள் கொட்டகையிலிருந்து அந்த அறை வரைக்கும் அதை அடுக்கிக்கொண்டுதான் வந்தார். ஆனால் பூவனநாதன் அதற்குள் நிமிர்ந்துவிட்டார். முகத்தில் ஒரு தெளிவு.

“இதத்தாய்யா நானும் சொல்லுதேன். உம்மால முடியுது. அவளுகளால முடியல. பெத்த அப்பன், நீரே வந்து சொல்லுதீரு. இதுக்கு மேல எனக்கென்ன வேணும்?”

“அப்படி இல்ல மொதலாளி, அந்தக் காயிதத்த...”

“காயிதத்த விடும். கடன் குடுக்குற பேங்குக்காரன் அத வந்து பாத்துட்டுப் போயிருக்கான். காலேஜ்ல புஸ்தகமா அச்சடிச்சிருக்கான். காயிதம் இருக்கட்டும். நீரு நாளைல இருந்து பழைய மேஜைக்கு வந்துரும்.”

பொங்கல் கழிந்ததும் ஆறு பெண்களையும் நிறுத்தினார்கள். செல்லத்துரை பெயர்களை வாசித்தபோது வெயிலு பெயர்தான் முதலில் வந்தது. சேர்த்தபோதும் அதுதான் முதலில் இருந்தது. அப்பாவே முதலாளியிடம் போய்ச் சொன்னார் என்பதையும் அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

வன்னியபெருமாள் பழைய மேஜையில் உட்கார்ந்தார். சுவரில் காயிதம் அப்படியே இருந்தது. குழாயைக் கவிழ்க்கக் கை போனபோது செல்லத்துரை தடுத்தான். “காயிதப்படி அண்ணாச்சி. ஒரு திருப்பு மிச்சம்ல?” அவர் காயிதப்படி செய்தார். அவரால் முடிந்தது. அந்த வருஷம் ஒரு மிஷின்கூடத் திரும்பி வரவில்லை. பட்டறை பார்க்க வருகிறவர்களிடம் பூவனநாதன் சுவரைக் காட்டி, “மெட்ராஸ் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்த வரிசை சார். அட்சரம் பிசகல” என்பார். வந்தவர்கள் காயிதத்தைப் பார்ப்பார்கள். கீழே உட்கார்ந்திருக்கிற ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெயிலு மறுபடியும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அவள் மேற்கே போக வேண்டும், அவர் கிழக்கே. வாசலில் இறங்கினதும் பிரிந்துவிடுவார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே தொடங்கினார்:

“எம்மா, அன்னைக்கு மொதலாளிட்ட நான் சொல்லப் போனது வேற...”

“சோத்தத் தின்னுங்கய்யா. ஆறிப்போவுது” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் மேற்கொண்டு பேசியிருப்பார்.

எண்பத்தொன்பது ஆனியில் மஞ்சள்காமாலை கண்டு, பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து வன்னியபெருமாள் இறந்துபோனார். அந்தப் பதினோரு நாளும் வெயிலு கூட இருந்தாள். கடைசிவரை அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தி பரிமாறின கையைக் கழுவிக்கொண்டே பெருமாயி சொன்னபிறகுதான் பாலம்மாளுக்கு இது தெரிந்தது. பட்டறைக்குப் போன இரண்டாம் நாளே வெயிலு மரை தோலைக் கடிப்பதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து, செல்லத்துரை முதுகைத் திருப்புகிற நேரம் பார்த்து, குழாயை மடியில் கவிழ்த்துப்போட்டு அடிவாய் வழியாகத்தான் பிஸ்டனை விட்டிருக்கிறாள். ஒன்பது மாசமும் ஒரு மிஷின் தவறாமல் அப்படித்தான். திரும்பி வந்த முப்பத்தெட்டில் அவள் பூட்டினது ஒன்றுகூட இல்லை. “எல்லாருக்கும் சொல்லிருவோம்ட்டி” என்று பெருமாயி கேட்டதற்கு அவள், “சொன்னா எங்கய்யா எழுதிக்குடுத்தது தப்புன்னு ஆயிரும். அவிய வேலை போயிரும். நீ பேசாம இரு” என்றிருக்கிறாள். பெருமாயியும் பேசாமல் இருந்துவிட்டாள்.